கோணிய விரல்கள் தந்த கண்ணொளி

(டாக்டர் கோ. வெங்கடசாமி, 1918–2006)

கார்த்திகைத் திங்களில் நம் அண்ணாமலையின் உச்சியில் மகாதீபம் ஏற்றப்படுவது அந்திப் பொழுதில். சுற்றுப்புறச் சிற்றூர் மக்கள் வயல் வரப்புகளில் நின்றபடியே அவ்வொளியைக் கண்டு மகிழ்வர். ஆனால் அதே அந்திப் பொழுதில், எதிரே நிற்கும் தாயின் முகமும் தெரியாமல், சுவரைத் தடவித் தடவி நடந்த சிறுவர் சிறுமியர் ஒரு காலத்தில் தமிழகத்துக் கிராமங்களில் ஏராளமாக இருந்தனர். மாலைக்கண் என்பது அந்நோயின் பெயர். அதைக் கவனியாமல் விட்ட குழந்தைகளுள் பலருக்கு அந்தி மட்டுமன்றிப் பகலும் இருண்டது. வாழ்நாள் முழுவதும் இருண்டது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று பெரியோர் சொல்வதுண்டு. கண் கெடுவதற்கு முன்னே ஓடிச் சென்று காப்பதே மருத்துவம் என்று வாழ்ந்து காட்டியவர் ஒருவர் நம் தமிழகத்தில் இருந்தார். அவரே மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. இன்று நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கும் மாணவியர் பிறப்பதற்கு முன்பே அவர் மறைந்துவிட்டார். ஆயினும் அவர் ஏற்றிய விளக்கு அணையவில்லை. அன்னாரின் வாழ்வைச் சற்றே சிந்தித்துப் பார்ப்போம்.

மணலில் எழுதிய சிறுவன்

பாரதியார் பிறந்த எட்டயபுரத்திற்கு அருகே அயன் வடமலாபுரம் என்றொரு சிற்றூர். கரிசல் காடு, மழையை நம்பி வாழும் உழவர் குடும்பங்கள். அங்கே 1918-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் வெங்கடசாமி பிறந்தார். ஊர்ப் பள்ளியில் தாளும் இல்லை, பென்சிலும் இல்லை. ஆற்று மணலைக் கொண்டுவந்து பரப்பி, அதில் விரலால் எழுதிப் பழகினர் பிள்ளைகள். அவ்வாறு மணலில் எழுதிய விரல்கள் பின்னாளில் என்ன செய்யப் போகின்றன என்பதை அன்று யார் அறிவார்!

சிறு வயதிலேயே ஒரு துயரம் அவர் உள்ளத்தைத் தைத்தது. உறவுக்காரப் பெண்கள் மூவர், அடுத்தடுத்த ஆண்டுகளில், பிரசவத்தின்போது இறந்து போயினர். ஊரில் மருத்துவர் இல்லை. இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள். தாம் ஒரு மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்ற எண்ணம் அப்போதே அவருக்குள் வேரூன்றியது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்று 1938-இல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1944-இல் மருத்துவரானார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. இளைஞர் வெங்கடசாமி இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார்.

நோய் தந்த சோதனை

முப்பது வயது நிரம்புவதற்குள் கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது. மூட்டுகள் வீங்கின. நடக்க முடியவில்லை, நிற்க முடியவில்லை, படுக்கையில் புரளவும் பிறர் துணை வேண்டியிருந்தது. 1948-இல் இராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். நெடுநாள் மருத்துவமனையில் கிடந்து எழுந்தபோது கைவிரல்கள் வளைந்து கோணியிருந்தன. அந்த வலி இறுதிவரை அவரை விட்டு நீங்கவே இல்லை.

பிரசவம் பார்க்கும் மருத்துவருக்கு வலுவான கைகள் வேண்டும். நெடுநேரம் நிற்கவும் வேண்டும். இரண்டும் அவருக்கு இல்லாமற் போயின. சிறு வயது முதல் போற்றி வந்த கனவு அன்றோடு முடிந்தது. வேறொருவராயின் மருத்துவத்தையே துறந்திருப்பார். அவரோ கண் மருத்துவத்தை எடுத்துக்கொண்டார். அமர்ந்தபடியே செய்யக்கூடிய அறுவை அது. ஆனால் மயிரிழை தவறினாலும் பார்வை போய்விடும்! எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் பயிற்சி பெற்றபோது, கோணிய விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்கத் தம் விரல்களைப் பழக்கினார். என்னே அவர்தம் மனஉறுதி! பிற்காலத்தில் ஒரே நாளில் நூறு பேர் வரை கண்புரை அறுவை செய்யும் அளவுக்கு அவ்விரல்கள் தேர்ந்தன. தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை அவர் செய்து முடித்தார்.

மருத்துவமனை ஊரைத் தேடிச் சென்றது

1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறையின் தலைவராகவும், அரசு எர்ஸ்கின் மருத்துவமனையின் கண் அறுவை மருத்துவராகவும் பொறுப்பேற்றார். அந்த மருத்துவமனைதான் இன்று அரசு இராசாசி மருத்துவமனை என்று அழைக்கப்படுகிறது. அங்கு அவர் கண்ட உண்மை ஒன்று உண்டு. மருத்துவம் இலவசமாகக் கிடைத்தும் ஏழைகள் வருவதில்லை! ஏன்?

இலவசம் என்று நாம் சொல்லிவிடுகிறோம். கூலி வேலை செய்யும் ஒரு தாய்க்கு அது இலவசமா? பேருந்துக் கட்டணம் உண்டு. பார்வையற்றவரைக் கைப்பிடித்து அழைத்து வர ஒருவர் வேண்டும். அவருடைய அன்றையக் கூலியும் போகும். வெளியூரில் உண்ண வேண்டும், தங்க வேண்டும். வீட்டில் விட்டு வந்த ஆடு மாடுகளை யார் பார்ப்பது? இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, விதி என்று கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிடுவார்கள்.

ஆகவே டாக்டர் வெங்கடசாமி மருத்துவமனையை ஊருக்கு எடுத்துச் சென்றார். பள்ளிக்கூடங்களிலும் சத்திரங்களிலும் திருமண மண்டபங்களிலும் கண் முகாம்கள் நடந்தன. ஊர்ப் பெரியவர்களும் தொண்டு மன்றங்களும் இடமும் உணவும் தந்து உதவினர். தொடக்கத்தில் முகாம் நடக்கும் இடத்திலேயே அறுவையும் செய்தனர். பின்னாளில் நோயாளிகளைப் பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, உணவும் படுக்கையும் தந்து, அறுவை முடிந்ததும் ஊரிலேயே கொண்டுவந்து விடும் முறை வந்தது. கண்ணாடி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் பலர் கடைக்குப் போய் வாங்குவதில்லை என்று தெரிந்தபின், முகாமிலேயே கண்ணாடியைப் பொருத்திக் கையில் கொடுத்து அனுப்பவும் ஏற்பாடு செய்தனர். ஏழை எந்தப் படியில் தடுக்கி விழுகிறார் என்று பார்த்துப் பார்த்து, அந்தப் படியை எடுத்துவிடுவதே அவர் செய்த மருத்துவம்.

கொல்லையிலே முருங்கை, வீட்டிலே குருடு

பெரியோரின் கண்புரையை அறுவையால் நீக்கிவிடலாம். ஆனால் குழந்தைகளின் கண்ணைக் குடித்த நோய் வேறு வகையானது. அதற்கு அறுவை மருந்தாகாது.

மங்கலான ஒளியில் நாம் பார்ப்பதற்குக் கண்ணின் விழித்திரைக்கு வைட்டமின் ஏ வேண்டும். அது குறையும்போது முதலில் மாலைக்கண் தோன்றும். பிறகு கண் வறண்டு பளபளப்பை இழக்கும். வெள்ளை விழியில் சோப்பு நுரை போன்ற திட்டுக்கள் தெரியும். அப்போதேனும் கவனித்தால் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம். கவனிக்கத் தவறினால் கருவிழி மெழுகு போல் இளகி, சில நாட்களிலேயே கரைந்து போகும். அதன்பின் எந்த மருத்துவராலும் அப்பார்வையை மீட்க இயலாது. தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் வந்த குழந்தைகளுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். உடலில் எஞ்சியிருக்கும் சத்தையும் அந்நோய்கள் உறிஞ்சிவிடுகின்றன. அதே வேளையில் பத்தியம் என்று சொல்லிக் கஞ்சி மட்டும் கொடுத்து வந்தனர் தாய்மார். கண் சிவந்தால் இலைச்சாறு பிழிந்து விட்டனர். அன்பினால் செய்தவையே, ஆயினும் அவை கண்ணுக்குக் கேடாக முடிந்தன.

இதில் நெஞ்சை உறுத்துவது ஒன்று உண்டு. இந்நோய்க்கு மருந்து சீமையிலிருந்து வர வேண்டியதில்லை. முருங்கைக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, பப்பாளி, மாம்பழம் ஆகிய யாவும் நம் ஊரில் கிடைப்பவை. கீரை கொடுத்தால் குழந்தைக்கு மாந்தம் வரும் என்று அஞ்சிப் பல வீடுகளில் கொடுக்காமல் இருந்தனர். கொல்லையில் முருங்கை மரம் தழைத்து நிற்க, வீட்டினுள்ளே குழந்தையின் கண் அவிந்தது!

கண்ணிழந்த குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து மனம் வெதும்பிய டாக்டர் வெங்கடசாமி, 1970-களின் தொடக்கத்தில் மதுரையில் குழந்தைகளுக்கென ஒரு சத்துணவு மறுவாழ்வு மையம் அமையக் காரணமாக இருந்தார். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கண் பற்றிய ஆராய்ச்சி செய்து ஓய்வு பெற்ற அன்டாய்னெட் பிரி அம்மையார் இதற்குத் துணை நின்றார். சர் ஜான் வில்சன் நடத்திய காமன்வெல்த் பார்வையற்றோர் சங்கமும் உதவியது. வில்சன் யார் தெரியுமா? பன்னிரண்டாம் வயதில் பள்ளி வேதியியல் கூடத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் இரு கண்களையும் இழந்தவர். பிறர் கண்ணைக் காப்பதற்காகவே உலகெங்கும் சுற்றியவர்.

அம்மையத்தில் குழந்தையோடு தாயும் தங்கினார். உள்ளூர்ச் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கீரை, பருப்பு, தானியம் இவற்றைக் கொண்டு சமைக்கத் தாய்மார் கற்றுக்கொண்டனர். கீரையுடன் சிறிது எண்ணெயும் சேர்ந்தால்தான் சத்து உடலில் ஒட்டும் என்பதையும் அறிந்தனர். மெலிந்து வாடிய தன் குழந்தை தேறி வருவதைத் தாயே கண்ணாரக் கண்ட பிறகு அவருக்கு வேறு பாடம் வேண்டுமோ? ஊர் திரும்பி அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் அவரே ஆசிரியை ஆகிவிடலாம் அன்றோ!

இந்திய அரசும் 1970-இல் சிறு குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் புகட்டும் திட்டத்தைத் தொடங்கியது. ஒன்பதாம் மாதத்தில் ஒரு லட்சம் அலகு. பின்னர் ஐந்து வயது வரை ஆறு திங்களுக்கு ஒருமுறை இரண்டு லட்சம் அலகு என்பது இன்றைய முறை. தடுப்பூசியும் சத்துணவும் இந்தத் திரவமும் சேர்ந்ததால், அன்று எங்கும் காணப்பட்ட அக்கொடுமை இன்று அரிதாகிவிட்டது. பார்வையிழப்பைத் தடுப்பதற்கான தேசியத் திட்டம் 1976-இல் உருவாவதற்கு வாதாடியவர்களுள் டாக்டர் வெங்கடசாமியும் சர் ஜான் வில்சனும் முன் நின்றனர். 1973-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

ஓய்வு பெற்ற நாளில் தொடங்கிய ஓட்டம்

1976-இல் 58 வயதாகும் வேளையில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். திருமணம் செய்துகொள்ளாமல், தந்தைக்குப் பின் தம்பி தங்கையரைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் அவர். பிணியுற்ற உடலுக்கு ஓய்வு கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் சிறு கண் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, தம்பி சீனிவாசன் என்று குடும்பமே தோள் கொடுத்தது. கையில் பணம் இல்லை. வீட்டையும் நகையையும் அடகு வைத்தனர். புதுவை மகான் அரவிந்தரிடம் கொண்ட பக்தியால் மருத்துவமனைக்கு அப்பெயரையே சூட்டினார்.

வசதியுள்ளவர் கட்டணம் கொடுப்பார். அதில் மிஞ்சுவதைக் கொண்டு ஏழைக்கு இலவசமாக அறுவை நடக்கும். இருவருக்கும் மருத்துவர் ஒருவரே, கைத்திறன் ஒன்றே. ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்தவரை ஆயத்தம் செய்து வைப்பர். மருத்துவரின் ஒரு நிமிடமும் வீணாகாது. அதனால் செலவு குறைந்தது. மேலும் பல ஏழைகளுக்குக் கண் கிடைத்தது.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி யார் என்று நினைக்கிறீர்கள்? பள்ளிப்படிப்பை முடித்த கிராமத்துப் பெண்கள்! உழவர் வீடுகளிலிருந்தும் கூலி வேலை செய்வோர் வீடுகளிலிருந்தும் அவர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சியளித்து, பார்வை சோதிக்கவும், கண்ணாடி அளவு பார்க்கவும், அறுவைக்குத் துணை நிற்கவும் டாக்டர் நாச்சியார் பழக்கினார். உங்களைப் போன்ற பெண்களின் கைகளால்தான் அந்த மாபெரும் நிறுவனம் எழுந்தது என்பதை எண்ணிப் பெருமை கொள்வோம்.

கண்புரையை நீக்கிய பின் அன்றெல்லாம் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி அணிய வேண்டும். அது உடைந்தால் மீண்டும் இருட்டுத்தான். கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்சு வைக்கும் முறை வந்தபோது, வெளிநாட்டு லென்சின் விலை ஏறத்தாழ 100 டாலர். ஏழைக்கு எட்டுமா அது? 1992-இல் மதுரையிலேயே அரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி, 10 டாலர் அளவிலும் அதற்குக் குறைவாகவும் லென்சு செய்து காட்டினர். இன்று அந்த லென்சு பல நாடுகளுக்குச் செல்கிறது. தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர் என மருத்துவமனைகள் பெருகின. 2003-இல் புதுச்சேரியிலும் ஒன்று எழுந்தது. செஞ்சி வழியாகப் பேருந்தில் சென்றுவரும் தொலைவில் அது நமக்கு அமைந்தது நம் பேறு. 2006-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் தம் 87-ஆம் வயதில் டாக்டர் வெங்கடசாமி இயற்கை எய்தினார்.

நம் கண்முன் உள்ள கடமை

மாலைக்கண் குறைந்துவிட்டது. அதனால் குழந்தைகளின் கண்ணுக்கு ஆபத்தே இல்லை என்று இருந்துவிடலாமா? இன்று பள்ளிச் சிறார்க்குப் பெருங்குறையாக இருப்பது கிட்டப்பார்வை. அதனைப் போக்க ஒரு கண்ணாடி போதும். ஆனால் தனக்குப் பார்வை குறைந்திருப்பது அக்குழந்தைக்கே தெரியாது! உலகமே இப்படித்தான் மங்கலாக இருக்கும் போலும் என்று எண்ணிக்கொள்ளும். கரும்பலகையில் எழுதியது தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் ஏட்டைப் பார்த்து எழுதும். மந்தமான பிள்ளை என்று பெயர் வாங்கும். படிப்பு ஏறவில்லை என்று பள்ளியை விட்டு நிறுத்தியும் விடுவார்கள். கண்ணில் இருந்த குறைக்கு மூளை பழி சுமந்தது எத்தனை பேருக்கோ!

ஆகவே பிறர்தான் கவனிக்க வேண்டும். அன்பு மாணவிகளே, உங்கள் தம்பி தங்கையரைப் பாருங்கள். புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படிக்கிறார்களா? கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார்களா? அடிக்கடி தலைவலி என்கிறார்களா? மாறுகண் இருக்கிறதா? மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். பயன்படாத கண் சோம்பல் கண்ணாகிவிடும். ஏழு எட்டு வயதுக்குள் சரிசெய்வது எளிது; பிறகு மிகக் கடினம். கைக்குழந்தையின் கண்மணியில் வெண்மை தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரையை முப்பது நாட்களுக்குள் சோதிப்பது அவசியம். வில், அம்பு, பட்டாசு, முள் இவற்றால் ஏற்படும் காயங்களுக்கு வீட்டு வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

பெற்றோர்க்கும் பணிவுடன் ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். மகனுக்குக் கண்ணாடி வாங்கித் தரும் கைகள், மகளுக்கு வாங்கத் தயங்குகின்றன. கண்ணாடி போட்ட பெண்ணுக்கு வரன் அமையாது என்ற அச்சமே காரணம். மருத்துவர் எழுதித் தந்த கண்ணாடி பெட்டிக்குள் உறங்க, பெண் மங்கலான கண்ணோடு பாடம் படிக்கிறாள். பார்வையைப் பறித்துவிட்டுத் தேடும் வரன் எத்தகைய வரன்? கண்ணாடியைக் கேலி செய்யும் தோழியரும் இதைச் சிந்திக்க வேண்டும். நம் ஒரு சொல் இன்னொருத்தியின் கண்ணாடியைக் கழற்ற வைத்துவிடக் கூடாது.

நம் பள்ளிக்கு நம் மாவட்டத்தின் எத்தனையோ சிற்றூர்களிலிருந்து பிள்ளைகள் வருகின்றனர். ஆசிரியை ஒருவர் இருபது அடித் தூரத்தில் எழுத்து அட்டையைப் பிடித்து, ஒவ்வொரு கண்ணாக மூடச் செய்து, படிக்கச் சொன்னால் போதும். யாருக்கு மருத்துவர் தேவை என்று தெரிந்துவிடும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மூத்த மாணவியர், தங்கள் தெருவிலுள்ள சிறுவர்களின் கண்களை இவ்வாறு பார்த்துப் பெற்றோரிடம் சொல்லலாம். இதற்குப் பெரும் பணம் வேண்டாம். மருத்துவப் பட்டமும் வேண்டாம்.

நிற்க முடியாத கால்களும் நிமிராத விரல்களும் கொண்ட ஒருவர், நோயாளி வரட்டும் என்று காத்திராமல் ஊர் ஊராகச் சென்றார். நல்ல கையும் காலும் பெற்ற நாம், அடுத்த வீட்டுக் குழந்தையின் கண்ணை ஒரு முறை உற்றுப் பார்க்கவேனும் கற்றுக்கொள்வோம்.